மாடிக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு போன்

பாப்பா,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடுதாசி எழுதுகிறாளே, காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டதா என்று நினைக்காதே. காய்ச்சல் விட்டுப் பல நாளாகிறது. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. மாடி அறையில் வேப்பிலைப் படுக்கையில் உட்கார்ந்து, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான் தொட்டதை நீ தொடக் கூடாது என்பதால் எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். எதற்கு எழுத்து, பேசலாமே என்பாய். பேச்செடுத்தால் நீ சத்தத்தை அணைத்துவிடுகிறாய். போதாததற்கு அடுப்படிப் போனில் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். காலையிலிருந்து உன் போன் எனக்குக் காட்டுவது உன் முகத்தை அல்ல, உன் அறை மின்விசிறியை. ஏன்? ஒன்பது மாதப் பிள்ளைத்தாச்சி நீ. அம்மை போட்டவள் நான். நமக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு மாடிப்படி. அதில் நான் இறங்கினால் உனக்கு ஆபத்து, இறங்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நீ இன்றைக்கு இந்த வீட்டை விட்டுக் கிளம்பி டாக்டரிடம் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை எழுத்தும்.

உன் வளைகாப்பன்றே எனக்கு உடம்பு நோகத்தான் செய்தது. அவனியாபுரத்தில் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் அத்தனை பெண்களுக்கு நடுவே உன் கன்னத்தில் சந்தனம் பூசும்போது என் கையே சுட்டது. அலைச்சல் என்று நினைத்தேன். உன் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டுமென்று அழகர்கோவிலுக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸில் ஒட்டிக்கொண்டதோ, அதற்கு முன் போன ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் ஒட்டிக்கொண்டதோ, யார் கண்டது. உன்னைக் காரில் பக்கத்தில் உட்கார வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போகிற பெருமையோடு ஆனையூர் வந்து இறங்கினேன். மறுநாள் குளிக்கும்போது வயிற்றில் ஒரு நீர்க்கொப்புளம். அன்று சாயந்தரத்துக்குள் முதுகு, கழுத்து, நெற்றி எல்லாம். உன் அப்பா சின்ன வயதில் அம்மை கண்டவர், முகத்தில் இன்றைக்கும் தழும்பு உண்டு, பார்த்ததுமே சொல்லிவிட்டார். "தாயி வந்துட்டா. நீ மேல போ." அவ்வளவுதான். எந்தப் பெண்ணின் பிரசவத்தைப் பார்க்கவென்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தேனோ, அந்தப் பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டேன். அன்று நான் அழுதது உங்கள் இருவருக்கும் கேட்டிருக்காது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் நாள் உன் அப்பா படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினார். "ஏய், ரசம் வேணுமா, கஞ்சி வேணுமா?" நான் மேலிருந்து கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை, தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுக்காரி சன்னலைத் திறந்து, "கஞ்சியாம்ணே" என்று அவருக்கு எடுத்துச் சொன்னாள். அன்று சாயந்தரம் உன் போனிலிருந்து வீடியோ போட்டாய். நான் எடுத்தேன், ஆனால் கட்டைவிரலால் கேமராவை மூடிக்கொண்டேன். "ம்மா, விரலை எடு" என்றாய். எடுக்கவில்லை. "மூஞ்சியைக் காட்டு, இல்ல நான் மேல வாரேன்" என்றாய். படபடவென்று விரலை எடுத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் நீ போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாய். அப்புறம், "அடேயப்பா, மூஞ்சி பூரா கடுகு தாளிச்ச மாதிரி இருக்கேம்மா" என்றாய். சிரித்தால் உதடு வெடித்து வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தேன். அதற்காக உன்னைத் திட்டவும் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் ஒரு போனுக்கு ஒரு போன் என்பது நம் வீட்டில் சரிப்படவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை கூப்பிடுவார், நம் பேச்சு அறுந்துவிடும். மத்தியானத்துக்குள் நெட் தீர்ந்துவிடும். வைஃபை பெட்டி முன்னறை டிவிக்குப் பின்னால் கிடந்தது, அதன் வீச்சு மாடிக்கு வரவில்லை. உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் வரும். நல்ல செய்தி சொல்கிறாயா, வயிற்றுவலி என்கிறாயா என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். உன் அப்பா கரண்ட் கம்பம் ஏறி இறங்கிய மனிதர் இல்லையா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒயரை நீட்டி, மாடிப்படி வளைவில் ஆணியடித்து மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். அதற்கு மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து உன் முகம் தெளிவாக வந்தது. உன் காதோரத்து மச்சம்கூடத் தெரிந்தது. அந்த மனிதரை ஆயிரம் திட்டுகிறேன், ஆனால் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுப்படிக்கு ஒரு கண் வேண்டும் என்று சொன்னது நான்தான். திரை கீறிப்போன என் பழைய போனைத் தேடி எடுத்து, துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தினாய். மூன்று போனையும் ஒரே வீடியோ அழைப்பில் சேர்த்து, காலையில் போட்டால் படுக்கும் வரை அணைக்காமல் ஓடும்படி செய்தாய். மருந்து பூசிய விரலால் நான் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. என் திரையில் ஒரு கட்டத்தில் நீ, ஒரு கட்டத்தில் அடுப்பு. ஆரம்பத்தில் உன் போனை எடுத்துக்கொண்டு நீ அடுப்படிக்குள் போனால் இரண்டு போனும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும். உன் அப்பா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் என்னோடு பேச வேண்டுமென்றால் டப்பாவிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வார். எனக்கு அவர் காது மட்டும் தெரியும், முடியோடு. "ஏங்க, இது அந்தப் போன் இல்ல, வைங்க அதை" என்பேன். "வச்சுட்டா எப்படிக் கேக்கும்?" என்பார். இதையெல்லாம் பார்த்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இந்தக் கொடுமையிலும் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் அவைதான், பாப்பா.

மேலே படுத்துக்கொண்டு நான் அடுப்படியை ஆண்டேன். அம்மை போட்ட வீட்டில், அம்மை இறங்கி வெள்ளிக்கு ஒன்றாக மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றும் வரை தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, தலை சீவக் கூடாது, விருந்தாளியை வா என்று சொல்லக் கூடாது, போகிறவரிடம் போய்விட்டு வா என்றும் சொல்லக் கூடாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். உன் அப்பா ஒரு நாள் பழக்க தோசத்தில் கடுகு டப்பாவைத் திறந்தபோது மேலிருந்து நான் போட்ட சத்தத்தில் கரண்டியையே கீழே போட்டுவிட்டார். "இம்புட்டு உப்பா? அது என்ன, கடலா?" என்று உலையில் விழும் உப்புக்குக்கூட நான் கணக்குப் பார்த்தேன். உனக்கு மட்டும் தனியாகக் கீரை, தனியாகப் பால், கால் வீங்காமல் இருக்கக் காலுக்கடியில் தலகாணி. நீ காலை நீட்டிக் கேமராவில் காட்டுவாய், நான் வீக்கம் பார்ப்பேன். குழந்தை உதைக்கும்போது போனை வயிற்றுக்கு மேலே பிடிப்பாய். சேலைத் துணி லேசாக எழும்பி அமுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தொட முடியாத கை எதற்கு என்று அப்போதெல்லாம் தோன்றும். தோன்றியதைச் சொல்லவில்லை, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுப்படிப் போன் வைத்த மறுநாளே உனக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு நானே போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணுக்கு இதுக்கு முன்னாடி அம்மை வந்திருக்கா?" என்பது. வந்ததில்லை என்றேன். அவர் சட்டென்று குரலை மாற்றினார். உடனே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் ஒரு ஊசி இருக்கிறது, அதை நாள் தள்ளாமல் போட வேண்டும், பிரசவ நேரத்தை ஒட்டித் தாய்க்குக் கொப்புளம் வந்தால் பிறக்கும் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். "ஒரு பொட்டு தெரிஞ்சாக்கூட அன்னைக்கே வந்துரணும்மா. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. வரும்போது போன் பண்ணிட்டு வாங்க, தனி வழியா உள்ள கூப்பிட்டுக்கறோம்" என்றார். இதை ஒரு எழுத்து விடாமல் உனக்குச் சொன்னேன். அடுப்படிக் கட்டத்தில் உன் அப்பா கையில் முருங்கைக்கீரையோடு அப்படியே நின்றார்.

"ஊசியா? அம்மை வந்த வீட்டுலயா?" என்றார். "எனக்கு என்ன ஆச்சு? வேப்பிலையில படுத்துக் கெடந்து எந்திரிச்சு வரலையா?"

"நீங்க வயித்துல புள்ளையோடயா கெடந்தீங்க?" என்று கேட்டேன். அவர் கீரையைக் கீழே வைத்தார். உடனே உன் மாமியாருக்குப் போன் போட்டார். சம்பந்தியம்மா கெட்டவரில்லை, பயந்தவர். "மூணு தண்ணியும் ஊத்துற வரைக்கும் அந்த வீட்டு ஆளு வாசலைத் தாண்டக் கூடாதுண்ணே. தாண்டுனா, படுத்திருக்கிறவங்க மேலதான் கோவம் எறங்கும். எம் மகன் அவசரப்பட்டு வந்தாலும் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். நீயாவது எனக்காகப் பேசுவாய் என்று உன் கட்டத்தைப் பார்த்தேன். நீ குனிந்துகொண்டு வளையலை எண்ணிக்கொண்டிருந்தாய். "தண்ணி ஊத்துன பெறகு போயிக்கலாம்மா. நீதானே இதெல்லாம் சொல்லுவ" என்றாய். நான் கத்தினேன். நீ இரண்டு பக்கச் சத்தத்தையும் அணைத்தாய். உன் உதடு மட்டும் அசைந்தது. அன்று நீ என்ன சொன்னாய் என்று இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டு வாங்கினேன். "நான் வாசலைத் தாண்டி, உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, நான் எப்படிம்மா இருப்பேன்?" என்று சொன்னாயாம். எனக்காக நீ உன் பிள்ளையைப் பணயம் வைக்கிறாய். இதைக் கேட்பதற்கு அந்தக் கொப்புளம் என் கண்ணுக்குள் வந்திருக்கலாம்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. உன் மாமா வீட்டில் பையனுக்கு அம்மை. அன்றைக்குப் பார்த்து உன் அத்தையின் தங்கை திண்டுக்கல்லிலிருந்து ஒரு கைப்பையோடு அக்காவைப் பார்க்க வந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு. நான் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சட்டம் பேசினேன். உள்ளே வந்த ஆள் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே போகக் கூடாது, போனால் பையனுக்கு ஆகாது என்றேன். சத்துணவுக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த குரல் இல்லையா, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கு நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுருங்கக்கா, போயிட்டுத் திரும்ப வந்து இங்கயே இருக்கேன்" என்று கெஞ்சினாள். நான் அசையவில்லை. ஒரு நாள் விருந்துக்கு வந்தவள் மாதக்கணக்கில் தங்கிப்போனாள் என்று பிற்பாடு கூட்டிக் குறைத்துச் சொல்லிக் குடும்பமே சிரித்தது. அவள் மட்டும் சிரித்ததே இல்லை. அந்த வேலை அவளுக்கு அப்புறம் கிடைக்கவும் இல்லை. அந்த கேட்டுக்கு வெளியே என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போதுதான் நீ இதைப் படித்தாய். அம்மா சொன்னால் நகரக் கூடாது என்று படித்தாய்.

அதை இப்போது மறந்துவிடு. அம்மா சொன்னாள் என்பதற்காக நீ நல்லபடியாகப் படித்தாய், வேலைக்குப் போனாய், நாங்கள் காட்டிய பையனைக் கட்டிக்கொண்டாய். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இன்றைக்கு அந்தத் தலையாட்டல்தான் என் கழுத்தை அறுக்கிறது. உனக்குப் பிறக்கப் போகிற பிள்ளையை இப்படி வளர்க்காதே. எதிர்த்துப் பேசட்டும். கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடட்டும். நீ சொன்னதே தப்பென்று உன் முகத்துக்கு நேராகச் சொல்லுகிற பிள்ளையாக இருக்கட்டும். மாமியாரிடம் மரியாதையாக இரு, ஆனால் உன் உடம்பு விஷயத்தில் அவரிடம் உத்தரவு கேட்காதே. உன் அப்பாவிடமும் கேட்காதே. புருசனிடம் சொல், கேட்காதே, சொல். சாமிக்குப் பயப்படுகிறவள்தான் நானும். ஆனால் பயத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளை வயிற்றின் மேல் வைக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்காது. கேட்டால் அது சாமியில்லை, போ.

இனி இன்றைக்குக் காலை நடந்ததற்கு வருகிறேன். ஊசிக்குச் சொன்ன நாளெல்லாம் தாண்டிப்போய்விட்டது. எனக்குக் கொப்புளம் காய்ந்து பொருக்கு விழுகிற நேரத்தில், முதுகில் புதிதாகக் கொஞ்சம் கிளம்பியதால், போன வெள்ளிக்கிழமை ஊற்ற வேண்டிய முதல் தண்ணீரை உன் அப்பா தள்ளிப் போட்டார். இனி வருகிற வெள்ளி ஒன்று, அதற்கடுத்தது ஒன்று, அதற்கடுத்தது ஒன்று. நீ அதற்குள் பிள்ளை பெற்றுவிடுவாய். காலையில் நீ பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாய். "ராத்திரி சரியா தூங்கலம்மா, உடம்பு கசகசன்னு இருந்துச்சு" என்றாய். பேசிக்கொண்டே காதுக்குக் கீழே சொறிந்தாய். மறுபடி சொறிந்தாய். விரலை எடுத்துப் பார்த்தாய். அதன் பிறகு கையால் அந்த இடத்தைத் தடவியபடியே கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தாய். "என்னடி அது?" என்று கேட்டேன். "கொசும்மா" என்றாய். "கிட்டக்க கொண்டா, பாப்போம்" என்றேன். போன் சாய்ந்தது. மின்விசிறி வந்தது. "போன் நிக்க மாட்டேங்குதும்மா" என்றாய். பதினைந்து நாளாக நின்ற போன் இன்றைக்கு ஏன் நிற்காது? முகத்தைப் பெற்றவளிடமிருந்து மறைப்பது எப்படியென்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். நான்தான் முதலில் கட்டைவிரலை வைத்தவள்.

கொசுவாகவே இருக்கட்டும். கொசுக்கடி என்று அந்த டாக்டரம்மா சொல்லட்டும். நாலு பேர் சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அது கொசு இல்லையென்றால் ஒவ்வொரு மணியும் கணக்கு, பாப்பா. மாத்திரை ஆரம்பிப்பது ஒரு நாள் தள்ளிப்போனாலும் கஷ்டம் என்று அவர் சொன்னார். திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அணைத்துவிட்டுப் போட்டேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. இறங்கிவிடலாம் என்று படிக்கட்டு வரை வந்தேன். வாளி கவிழ்த்த அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தேன். முதுகில் இன்னும் ஈரம் காயாத கொப்புளம் இருக்கிறது. அது கொசுக்கடியாகவே இருந்து, நான் இறங்கி வந்து உனக்கு நிஜமாகவே கொடுத்துவிட்டால்? காலை எடுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால் ஓட முடியாத தாய் உலகத்தில் இருப்பாளா? இருக்கிறாள். ஆனையூரில், மாடியில்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம். "மாப்ள, உங்க பொண்டாட்டி கழுத்துல பொட்டு தெரியுது. நீங்க வாரீங்களா, இல்ல நான் நூத்தியெட்டுக்குப் போன் போடவா?" என்று கேட்டேன். சத்தம் நின்றது. "அம்மா என்ன சொல்லும்னு..." என்று இழுத்தார். "உங்க அம்மாவுக்குப் பதில் நான் சொல்லிக்கறேன். உங்களுக்கு ஏற்கெனவே அம்மை வந்திருக்கா, வரலையா?" "வந்திருக்குத்தே." "அப்ப வாங்க." வாரேன் என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். பின்பக்க வாசல் வழியாக வரச் சொன்னார். எல்லாம் ஆயிற்று. ஆனால் உன் அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நீயும் எழுந்திருக்க மாட்டாய். இரண்டு பேரையும் பிடித்து வைத்திருப்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருந்ததை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இப்போது வந்து மறுபடி எழுதுகிறேன். எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள், தலையிலிருந்து சொட்டுகிறது.

தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், பாப்பா. கிழமை பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. சுமங்கலி ஒருத்தி வந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை எடுத்து ஊற்ற வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள் இங்கே? படுக்கையில் கிடந்த வேப்பிலையை அள்ளி வாளியில் போட்டு, தொட்டித் தண்ணீரைப் பிடித்து, போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நின்று தலையோடு ஊற்றினேன். முதல் தண்ணீர். மறுபடி பிடித்து இரண்டாம் தண்ணீர். மறுபடி பிடித்து மூன்றாம் தண்ணீர். வெயிலில் கொதித்த தண்ணீர். முதுகில் பட்டபோது உயிர் போய் வந்தது.

அடுப்படிப் போனில் உன் அப்பா அலறினார். "அடியே, என்ன காரியம்டி பண்ற!"

"மூணு தண்ணியும் ஊத்திக்கிட்டேங்க. இனிமே இந்த வீட்டுல கட்டு இல்ல. புள்ளைய விடுங்க."

"ஆத்தா கோவிச்சுக்குவாடி..."

"கோவிச்சா ஊத்துனவ மேலதானே கோவிப்பா? என்னைப் பாத்துக்கட்டும். எம் மகளை விட்டுறச் சொல்லுங்க. நீங்களும் விட்டுருங்க."

அவர் திரையை விட்டுப் போனார். திரும்பி வந்தபோது வாசல் நிலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்து அவர் கையில் இருந்தது. அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, "கார் வந்துருச்சு" என்றார்.

உனக்கு இது எதுவும் கேட்டிருக்காது, சத்தத்தை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாய். அதனால்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அது நீ வாசலைத் தாண்டியதால் ஆனதில்லை, நான் ஊற்றிக்கொண்டதால் ஆனது. யார் கேட்டாலும் இந்தத் தாளைக் காட்டு. டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காதே, எப்போது அரித்தது, எங்கே அரித்தது என்று சொல். பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இல்லை என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எனக்கு நீயும் அதுவும் முழுசாக இருந்தால் போதும், பார்ப்பது எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்கிறேன். அப்பா கதவைத் தட்டுகிறார், கேட்கிறதா? மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். இன்னும் எதற்கடி இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய்? எழுந்திரு.